ஆன்லைன் தளங்களில் ஃப்ரீலான்ஸ் வேலை: ஜிஎஸ்டி எங்கே இடிக்கும்?

“வெளிநாட்டு கிளையன்ட், டாலரில் பணம், அதற்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது” என்ற பேச்சு ஃப்ரீலான்சர்களிடையே பரவலாக உண்டு. வரி கட்ட வேண்டியதில்லை என்பது பெரும்பாலும் சரிதான். அதனால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம் என்று முடிவுகட்டும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சேவை ஏற்றுமதி வரிவிலக்குப் பெற்ற சேவை அல்ல. வரிக்கு உட்பட்டது, அதற்கான விகிதம் பூஜ்ஜியம். ஆகவே டாலரில் வரும் வருமானமும் பதிவுக்கான வரம்பில் சேரும்.

சேவை தருபவருக்கு அந்த வரம்பு ஒரு நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுராவில் 10 லட்சம். ஒரே பான் எண்ணில் வரும் உள்நாட்டு வேலை, ஏற்றுமதி, கடை வாடகை, வரிவிலக்குள்ள வீட்டு வாடகை எல்லாமே கூட்டலில் வரும், சம்பளம் வராது. வரம்பைத் தாண்டினால் 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கூட்டிப் பார்த்து “இன்னும் 20 வரவில்லை” என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கிளையன்ட் மாதம் 1,70,000 ரூபாய் மதிப்புக்கு வேலை தருகிறார், தளம் 10 சதவீதம் கட்டணம் பிடிக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு பேங்கில் வருவது 18,36,000. ஆனால் உங்கள் விற்றுமுதல் 20,40,000. தளத்தின் கட்டணம் உங்கள் செலவு. அதைக் கழித்துக் கணக்குப் போட முடியாது. தளத்திலிருந்து இறக்கும் பரிவர்த்தனை அறிக்கையில் பிடித்தத்துக்கு முந்தைய தொகையைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. ஆன்லைன் தளம் வழியே வேலை என்றாலே முதல் ரூபாயிலிருந்து பதிவு கட்டாயம் என்று சொல்லிப் பதிவு செய்ய வைப்பவர்கள் உண்டு. சட்டத்தின் 24-ஆவது பிரிவு அப்படித்தான் தொடங்கியது. ஆனால் 2017 அக்டோபர், நவம்பரில் வந்த இரண்டு அறிவிக்கைகள், வேறு மாநிலத்துக்குச் சேவை தருபவர்களுக்கும் தளம் வழியே சேவை தருபவர்களுக்கும் அதே 20 லட்சம் வரம்பைக் கொடுத்துவிட்டன. எட்டு லட்சம் சம்பாதிக்கும் ஒருவர் தேவையில்லாமல் மாதாமாதம் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

எது ஏற்றுமதி?

நீங்கள் இந்தியாவில் இருக்க வேண்டும், சேவையைப் பெறுபவர் வெளிநாட்டில் இருக்க வேண்டும், சேவை வழங்கப்படும் இடமும் சட்டப்படி வெளிநாடாக இருக்க வேண்டும். பணம் அந்நியச் செலாவணியில் வர வேண்டும். ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வகைகளில் ரூபாயாகவும் வரலாம். உங்கள் சொந்த நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளைக்கே பில் போட்டால் அது ஏற்றுமதி ஆகாது.

தளம் அமெரிக்காவில் இருப்பதால் எல்லாக் கிளையன்ட்டும் வெளிநாட்டவர் ஆகிவிட மாட்டார். அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் உங்களுக்கு வேலை கொடுத்தவர் புனேவில் இருக்கலாம். பதிவு பெற்ற பிறகு அவருக்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (மாநிலம் அல்லது நாடு தாண்டிய சேவைக்கான ஜிஎஸ்டி) போட்டாக வேண்டும். கிளையன்ட் தமிழ்நாட்டில் இருந்து நீங்களும் இங்கிருந்தால் மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம். விலை பேசும்போது வரியைத் தனியாகச் சொல்லாமல் விட்டால், வாங்கிய 50,000 ரூபாய்க்குள்ளேயே வரி அடக்கம் என்று கொண்டாலும் 7,627 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். அதனால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கிளையன்ட்டின் நாட்டை முதலில் பாருங்கள்.

எல்யூடி

பதிவு கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. எல்யூடி என்பது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய நீங்கள் தரும் உறுதிமொழி. ஜிஎஸ்டி போர்ட்டலில் சர்வீசஸ், யூசர் சர்வீசஸ், அதற்குள் ஃபர்னிஷ் லெட்டர் ஆஃப் அண்டர்டேக்கிங் என்று போனால் ஆர்எஃப்டி-11 படிவம் வரும். இரண்டு சாட்சிகளின் பெயர், முகவரி, தொழில் கேட்கும். கட்டணம் இல்லை. ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். ஏப்ரல் 1-க்கு முன் அடுத்த ஆண்டுக்குப் போட்டுவிடுங்கள். எல்யூடி இல்லாமல் ஏற்றுமதி செய்தால் 18 சதவீதம் கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய வேண்டியிருக்கும். பில் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் பணம் வராவிட்டால் வட்டியோடு வரி கேட்கப்படலாம். பணம் வந்ததற்குப் பேங்க் தரும் ஃபைரா சான்றுகளை மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள்; ரீஃபண்ட் கேட்கும்போது அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

தளத்தின் கட்டணத்துக்கும் வரி உண்டு

அதிகம் பேருக்குத் தெரியாத பகுதி இது. பதிவு பெறாதவரிடம் வெளிநாட்டுத் தளமே தன் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்து அரசுக்குக் கட்டும். நீங்கள் பதிவு பெற்றதும் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இதுதான் ரிவர்ஸ் சார்ஜ்.

ஒரு மாதத்தில் 2,00,000 ரூபாய் வேலைக்குத் தளம் 20,000 பிடித்தால், அந்த 20,000-க்கு 3,600 ரூபாய் ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும். கையில் இருக்கும் இன்புட் கிரெடிட்டிலிருந்து (தொழிலுக்காக வாங்கியவற்றில் நீங்கள் ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டி) இதைக் கழிக்க முடியாது. சலான் போட்டுப் பணமாகத்தான் கட்ட வேண்டும். 30 நாளுக்குள் உங்களுக்கு நீங்களே ஒரு செல்ஃப் இன்வாய்ஸும் போட வேண்டும். வரி கட்டும் சுருக்க ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியில் 3.1(டி) கட்டத்தில் காட்டுங்கள். அதே 3,600-ஐ அதே ரிட்டர்னில் 4(ஏ)(2) கட்டத்தில் இன்புட்டாக எடுக்கலாம். இந்திய கிளையன்ட் இருந்தால் அவருக்கான வரியில் அது கழியும். ஏற்றுமதி மட்டும் என்றால் ஆர்எஃப்டி-01 என்ற ரீஃபண்ட் படிவம் வழியே இரண்டு ஆண்டுக்குள் ரீஃபண்ட் கேட்க வேண்டும். 1,000 ரூபாய்க்குக் கீழே என்றால் தர மாட்டார்கள், சில மாதங்களைச் சேர்த்துக் கேளுங்கள்.

பதிவு பெற்ற அன்றே தளத்தின் வரிப் பக்கத்தில் ஜிஎஸ்டி எண்ணைப் பதியுங்கள். மறந்தால் தளம் பழையபடி 18 சதவீதம் பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு இன்புட் கிடைக்காது. ரிவர்ஸ் சார்ஜ் பொறுப்பும் அப்படியே நிற்கும்.

இந்தியத் தளம் உங்கள் சார்பில் கிளையன்ட்டிடம் பணம் வாங்கித் தந்தால், பதிவு பெற்ற உங்களிடம் 0.5 சதவீதம் டிசிஎஸ் (தளமே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கும். 2024 ஜூலை 10-க்கு முன் இது 1 சதவீதம். போர்ட்டலில் அதை நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் கேஷ் லெட்ஜரில் (போர்ட்டலில் உங்கள் வரிப் பணத்துக்கான கணக்கு) சேரும். ஏற்காதவரை அந்தப் பணம் உங்களுக்கு உதவாது.

விற்றுமுதலில் 6 சதவீதம் மட்டும் கட்டும் எளிய முறையான காம்பொசிஷன் திட்டத்தைச் சிலர் கேட்பார்கள். வேறு மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ சேவை தருபவர் அதில் சேர முடியாது.

மாதாந்திர ரிட்டர்ன் என்றால், பில் விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், 3பி 20-ஆம் தேதிக்குள். ஏற்றுமதி பில்கள் ஜிஎஸ்டிஆர்-1-இன் 6ஏ கட்டத்தில் போகும். விற்றுமுதல் 5 கோடி வரை காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். வேலையே இல்லாத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஃப்ரீலான்ஸை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறீர்கள் என்றால் ஆர்இஜி-16 படிவம் போட்டுப் பதிவை ரத்து செய்யுங்கள். ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னையும் தாக்கல் செய்ய வேண்டும்.