முதல் தயிருக்கு உறை எங்கிருந்து வந்தது?

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளையில் மாமாவுக்குப் பூ வியாபாரம். வரவு செலவு எல்லாம் நோட்டில்தான். அதைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் போய் நின்றேன். கடையில் இருந்தது பழைய 32 பிட் மடிக்கணினி. புது மென்பொருள் எதைப் போட்டாலும் மூச்சு வாங்கியது. பாஸ்கல் மொழியில் நிரல் எழுத உதவும் ஃப்ரீ பாஸ்கல் மட்டும் சிரமமில்லாமல் ஏறியது. இரண்டு நாளில் ஒரு சின்ன நிரல் எழுதி முடித்தேன்.

அன்று பிச்சி கிலோ 700 ரூபாய். ஒருவருக்கு 50 கிலோ கொடுத்ததை மாமா தட்டினார். திரையில் வந்த தொகை -30536.

"மக்கா, பூவையும் குடுத்துட்டு முப்பதாயிரம் ரூவாயும் நாந்தான் குடுக்கணுமா?" என்று கேட்டார்.

தவறு என்னுடையது. தொகையை, முழு எண்ணுக்கான இன்டிஜர் என்ற வகையில் அறிவித்திருந்தேன். ஃப்ரீ பாஸ்கலின் இயல்பான முறையில் இன்டிஜருக்கு 16 பிட் இடம்தான். ஒரு பிட்டில் 0 அல்லது 1 மட்டும் அடங்கும். இதற்கு முன்னோடியான டர்போ பாஸ்கலுக்கு எழுதிய பழைய நிரல்கள் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. 16 பிட்டில் 65536 விதமான எண்களை எழுதலாம். பாதி எதிர்மறைக்குப் போய்விடும். மிச்சத்தில் உச்சம் 32767. நமக்கு வந்ததோ 35000. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் எண் கடைசி ஒன்பதைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல இதுவும் சுற்றிவிட்டது. 35000இல் 65536 போக, -30536.

இதைத் தடுக்கக் கம்பைலரில், அதாவது நாம் எழுதும் நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் மென்பொருளில், வழி இருக்கிறது. அது புரிய, கம்பைலர் என்ன செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நான் எழுதிய வரி இதுதான். பெயர்களை இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன். நிரலுக்குள் ஆங்கில எழுத்துகள்தான் செல்லும்.

தொகை := கிலோ * விலை;

கம்பைலருக்கு இது முதலில் வெறும் எழுத்து வரிசை, கூடையில் கிடக்கும் உதிரிப்பூ மாதிரி. அவற்றைச் சேர்த்துச் சேர்த்து ஆறு துண்டுகளாக்குகிறது: தொகை, புள்ளிபுள்ளி-சமம், கிலோ, பெருக்கல் குறி, விலை, அரைப்புள்ளி. அடுத்த கட்டம் இலக்கணம். ஒரு பெயரில் தொடங்கி அதன் பின்னே := வந்தால், வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெயரில் வைக்கச் சொல்கிறார்கள் என்று பொருள். வெறும் சமக்குறி என்றால் இரண்டும் சமமா என்ற கேள்வி. இரண்டுக்கும் தனித்தனிக் குறி வைத்தது பாஸ்கலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வேறு பல மொழிகளில் இந்த இடத்தில்தான் புதியவர்கள் இடறி விழுகிறார்கள்.

படித்த வரியிலிருந்து கம்பைலர் ஒரு மரம் கட்டுகிறது. உச்சியில் :=, அதன் ஒரு கிளையில் தொகை, இன்னொரு கிளையில் பெருக்கல், அதன் கீழே கிலோவும் விலையும். வரியில் ஒரு கூட்டலும் இருந்தால்? கூட்டலைப் படிக்கும் பகுதி, முதலில் பெருக்கலைப் படிக்கும் பகுதியைக் கூப்பிடும். அது தனி எண்ணையோ பெயரையோ படிக்கும் பகுதியைக் கூப்பிடும். அதனால் பெருக்கல் தானாகவே மரத்தில் ஆழத்துக்குப் போகும். ஆழத்தில் இருப்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த பெருக்கல் முன், கூட்டல் பின் என்ற விதி இங்கே மரத்தின் வடிவமாகவே வந்துவிடுகிறது.

பிறகு வகை பார்க்கும் வேலை. விலை எண்ணாக இல்லாமல் எழுத்துத் தொடராக இருந்தால் கம்பைலர் அங்கேயே நின்று, எந்த வரி, எந்த இடம் என்று சொல்லிவிடும். எல்லாம் சரி என்றால் மரத்தைக் கீழிருந்து மேலே நடந்து செயலியின் கட்டளைகளாக மாற்றும்: கிலோவை எடு, விலையால் பெருக்கு, தொகையின் இடத்தில் வை. எல்லைச் சோதனையைப் போடச் சொன்னால், 'வை' என்பதற்கு முன்னால் இன்னும் சில கட்டளைகள் சேரும். விடை எல்லைக்குள் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பிழை 201 என்று சொல்லி நிறுத்து. ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனைக்குச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால் நாம் கேட்டால்தான் வரும். நான் கேட்கவில்லை. பணக்கணக்கு எழுதுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

பாஸ்கல் மொழியை நிக்லாஸ் விர்த் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உருவாக்கி 1970இல் வெளியிட்டார். மாணவர்கள் ஒழுங்காக நிரல் எழுதப் பழக வேண்டும் என்பது அவர் நோக்கம். கம்பைலர் மேலிருந்து கீழாக ஒரே முறை வாசித்தால் போதும் என்ற விதமாக இலக்கணத்தை அமைத்தார். எதைப் பயன்படுத்துவதாக இருந்தாலும் முன்பே அறிவித்துவிட வேண்டும். கல்யாண வீட்டில் சமையல்காரர் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே சாமான் பட்டியல் கொடுப்பதுபோல. 1983இல் ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் எழுதிய கம்பைலரை போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்ற பெயரில் 49.95 டாலருக்கு விற்றது. அதன் வேகத்துக்கு இந்த இலக்கணமும் ஒரு காரணம்.

டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு 32 பிட் டர்போ பாஸ்கல் வரப்போவதில்லை என்று தெரிந்தபோது, ஃப்ளோரியன் கிளெம்ஃப்ல் என்ற ஜெர்மன் மாணவர் 1993இல் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுதான் இன்றைய ஃப்ரீ பாஸ்கல். அதை எழுதிய மொழியும் பாஸ்கலேதான். பாஸ்கலை மொழிபெயர்க்கும் நிரல் பாஸ்கலிலேயே இருந்தால், அதை யார் மொழிபெயர்ப்பது?

வீட்டில் தயிர் எப்படி உண்டாகிறது என்று யோசித்தால் விடை கிடைக்கும். பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பானதும் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி விடுகிறோம். நேற்றையது முந்தாநாள் உறையில் வந்தது. வீட்டில் உறை தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்குவோம். ஃப்ளோரியன் வாங்கிய பக்கத்து வீட்டு உறை டர்போ பாஸ்கல். தன் நிரலை அதில் கொடுத்து முதல் கம்பைலரைப் பெற்றார். அது 16 பிட் நிரலாகவே இருந்தது. சுமார் இரண்டு ஆண்டில் ஃப்ரீ பாஸ்கல் தன் மூல நிரலை, அதாவது மனிதர் எழுதிய வடிவத்தை, தானே மொழிபெயர்க்கும் அளவுக்கு வளர்ந்தது. அன்றோடு டர்போ பாஸ்கலின் தேவை தீர்ந்தது. இன்றும் புதிய பதிப்பை உருவாக்க, கடைசியாக வெளியான பதிப்புதான் உறை.

உறை சரியாகப் பிடித்ததா என்று பார்க்கும் முறைதான் எனக்கு இதில் மிக அழகாகத் தெரிகிறது. பழைய கம்பைலரை வைத்துப் புதிய மூல நிரலை மொழிபெயர்த்தால் முதல் கம்பைலர் வரும். அதை வைத்து அதே மூல நிரலை மறுபடி மொழிபெயர்த்தால் இரண்டாவது. இரண்டாவதை வைத்து இன்னொரு முறை, மூன்றாவது. முதலாவதை உருவாக்கியது பழைய கம்பைலர் என்பதால் அதன் கட்டளைகள் வேறு மாதிரி இருக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் புதிய கம்பைலர் உருவாக்கியவை. மொழிபெயர்த்த மூல நிரல் ஒன்று, மொழிபெயர்க்கும் முறையும் ஒன்று. ஆகவே இரண்டும் ஒரு பைட் கூட மாறாமல் ஒத்திருக்க வேண்டும். மாறினால் எங்கோ பிழை இருக்கிறது என்று வேலை நின்றுவிடும்.

இந்தச் சோதனைக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. உறையே கெட்டிருந்தால்? யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984இல் இதை விளக்கினார். ஒரு கம்பைலருக்குள் திருட்டு வழி ஒன்றை வைத்து, அது தன்னைத் தானே மொழிபெயர்க்கும்போது அந்த வழியையும் சேர்த்துவிடும்படி செய்தால், மூல நிரலைச் சுத்தமாகத் துடைத்த பிறகும் தலைமுறை தலைமுறையாக அது தொடரும். மூல நிரலை எத்தனை முறை வாசித்தாலும் தென்படாது. முற்றிலும் வேறொரு கம்பைலரில் தொடங்கியும் அதே முடிவு வருகிறதா என்று ஒப்பிட்டால் இதைக் கண்டுபிடிக்கலாம் என்று டேவிட் வீலர் 2009இல் தன் ஆய்வேட்டில் நிறுவினார். அதாவது, இன்னொரு வீட்டு உறையையும் ஊற்றிப் பார்ப்பது.

புதிய செயலிக்குப் போவதும் உறை கொண்டுபோகிற கதைதான். இன்டெல் கணினியில் உட்கார்ந்தே ஆர்ம் செயலிக்கான கம்பைலரை உருவாக்கி, அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தால் அங்கிருந்து தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் தன்னார்வலர்களின் உழைப்பு. மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஜன்னல், பொத்தான் எல்லாம் வைத்து நிரல் அமைக்க உதவும் லாசரஸ் என்ற கருவியை 1999இல் தொடங்கினார்கள். அதற்கு முன் இதே முயற்சி வேறொரு பெயரில் நடந்து நின்றுபோயிருந்தது. பைபிளில் இறந்து உயிர்த்தெழுந்த லாசருவின் பெயரை இதற்கு வைத்தார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அந்தப் பெயர் அன்னியமில்லை. நட்டாலத்தில் பிறந்து 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசரு என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கித்தான் தேவசகாயம் என்று வைத்தார்கள். அவர் உயிர் நீத்த ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, மாமா கடையிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

தமிழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் கோப்பைச் சேமித்து 'பிச்சி' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டேன். 18 என்றது. நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு மெய், குறி எல்லாம் பிரிந்து ஆறு குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். எழுத்துத் தொடருக்கான இயல்பான ஸ்டிரிங் வகையில் 255 பைட்தான் அடங்கும் என்பதால், 85 குறியீட்டைத் தாண்டினால் வால் அறுந்துவிடும். ஆன்சிஸ்டிரிங் என்று அறிவித்தால் இந்த எல்லை இல்லை.

அடுத்த வாரம் மூல நிரலை இறக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அதே மடிக்கணினியில் கம்பைலரை அதன் கையாலேயே மூன்று சுற்று உருவாக்கினேன். மாமா கொழுந்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போயின. தொகையை 64 பிட் வகைக்கு மாற்றி, எல்லைச் சோதனையையும் போட்டு, புதிதாகப் பிறந்த அந்தக் கம்பைலரிடம் பூக்கணக்கைக் கொடுத்தேன். மாமா 50 என்றும் 700 என்றும் மறுபடி தட்டினார். 35000 வந்தது.