விடுதலைக்கு 100 டாலர், கப்பல் ஏறினால் மட்டும்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்த சட்டத்தில் லிங்கன் 1862 ஏப்ரல் 16 அன்று கையெழுத்திட்டார். சுமார் 3,100 பேர் விடுதலையானார்கள். அந்தச் சட்டத்தில் பணம் இரண்டு வழியில் ஒதுக்கப்பட்டது.

முதலாவது இழப்பீடு. அடிமையாக உழைத்தவருக்கு அல்ல, அவரை வைத்திருந்த எஜமானருக்கு. அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி கொடுத்து 90 நாளுக்குள் மனுப் போட வேண்டும். ஆளுக்குச் சராசரியாக 300 டாலர்தான் உச்சவரம்பு. விலை மதிப்பிடுவதற்கு பால்டிமோர் அடிமை வியாபாரி ஒருவரையே அழைத்து வந்தார்கள். அவருக்குத்தானே சந்தை விலை தெரியும்!

சரி, விடுதலையானவருக்கு? அதுதான் இரண்டாவது ஒதுக்கீடு, 1 லட்சம் டாலர். ஹைட்டி, லைபீரியா அல்லது ஜனாதிபதி குறிப்பிடும் வேறு நாட்டுக்குக் குடிபெயர விரும்பினால், ஆளுக்கு 100 டாலர் வரை அரசு செலவு செய்யும். நகரில் ஏற்கெனவே சுதந்திரமாக வாழ்ந்த கருப்பின மக்களுக்கும் இது பொருந்தும். கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் பிறந்த மண்ணிலேயே இருக்கிறேன் என்பவருக்கு ஒரு காசும் இல்லை.

ஜூலையில் மேலும் 5 லட்சம் டாலர் சேர்ந்தது. ஆகஸ்டில் லிங்கன் கருப்பினப் பிரதிநிதிகள் ஐந்து பேரை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, மத்திய அமெரிக்காவுக்குப் போகலாமே என்று எடுத்துச் சொன்னார். அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கருப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் இதைக் கடுமையாகச் சாடினார். மத்திய அமெரிக்க நாடுகளும் எதிர்க்கவே, அந்த யோசனை நின்றது.

உண்மையில் கப்பல் கிளம்பியது ஹைட்டிக்கு அருகிலுள்ள ஈல்-ஆ-வாஷ் தீவுக்குத்தான். பெர்னார்ட் காக் என்ற வியாபாரி, தலைக்கு 50 டாலர் வீதம் 5,000 பேரைக் குடியேற்றுவதாக ஒப்பந்தம் போட்டார். வீடு, பள்ளி, கூலி எல்லாம் உண்டு என்றார்கள். 1863 ஏப்ரலில் வர்ஜீனியாவிலிருந்து சுமார் 450 பேர் ஏறினார்கள். கப்பலிலேயே அம்மை பரவியது. இறங்கிய இடத்தில் வீடுகளே இல்லை, ஓலையும் புதரும் வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் பசி, காய்ச்சல், சாவு. தன்னை ஆளுநர் என்று சொல்லிக்கொண்ட அந்த வியாபாரியைக் குடியேறியவர்களே துரத்திவிட்டார்கள்.

கடைசியில் லிங்கனே கப்பல் அனுப்பினார். உயிரோடு இருந்த 350-க்கும் மேற்பட்டோர் 1864 மார்ச்சில், வாஷிங்டனுக்கு ஆற்றின் அக்கரையிலுள்ள அலெக்சாண்ட்ரியாவில் வந்து இறங்கினார்கள். அந்த ஜூலையில் நாடாளுமன்றம் குடியேற்ற நிதியில் மிச்சமிருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எஜமானர்களுக்கான இழப்பீடு அதற்கு முன்பே பட்டுவாடா ஆகியிருந்தது.