தாயம் விழ எவ்வளவு வாய்ப்பு?

தாயக்கட்டை ஆடுகிறவர்களுக்கு இந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. எதிராளி பாதிக் கட்டத்தைத் தாண்டியிருப்பார், நாம் இன்னும் உருட்டிக்கொண்டே இருப்போம். ஒரு முறை உருட்டினால் தாயம் விழ நிகழ்தகவு எவ்வளவு? பள்ளியில் படிக்கும் நிகழ்தகவுச் சொற்கள் பெரும்பாலானவற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில் கட்டையைப் பாருங்கள். நீளமான கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள். அவற்றில் 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். நான்காவது பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளிலும் மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். ஒன்றில் 1, மற்றதில் வெறுமை என்றால் தாயம். இரண்டுமே வெறுமை என்றால் 12. என்னென்ன விழக்கூடும் என்று முன்பே தெரியும், இந்த முறை எது விழும் என்று மட்டும் தெரியாது. இப்படிப்பட்ட செயல்தான் சமவாய்ப்புச் சோதனை.

இப்போது விடைக்கு வருவோம். விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என மொத்தம் ஏழு. அதனால் தாயத்துக்கு 1/7 என்பார் ஒருவர். இன்னொருவர் கொஞ்சம் நிதானமாக, (1,0), (1,1), (2,0) என்று ஜோடிகளை எழுதுவார். பத்து ஜோடிகள் வரும், ஆகவே 1/10 என்பார். இரண்டுமே தவறு.

இரண்டு கட்டைகளில் ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலச் சாயம் பூசியதாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் 1, நீலத்தில் வெறுமை என்பது ஒரு விளைவு. சிவப்பில் வெறுமை, நீலத்தில் 1 என்பது வேறொரு விளைவு. சாயம் பூசாவிட்டாலும் இவை இரண்டும் தனித்தனிதான். நம் கண்ணுக்குத்தான் வேறுபாடு தெரிவதில்லை. ஆக, விளைவுகள் மொத்தம் 4 × 4 = 16. இந்தப் பதினாறும் சேர்ந்த தொகுப்பே கூறுவெளி. அதில் நமக்கு வேண்டிய விளைவுகளின் தொகுப்பு நிகழ்ச்சி. தாயம் என்ற நிகழ்ச்சியில் இரண்டு விளைவுகள் உண்டு, எனவே நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. பன்னிரண்டுக்கு ஒரே ஒரு விளைவு, 1/16. மூன்றுக்கு நான்கு விளைவுகள், 1/4. ஆட்டத்தில் மூன்று அடிக்கடி விழுவதற்குக் காரணம் இதுதான்.

சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுக்கும் சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ஒவ்வொரு விளைவுக்கும் வாய்ப்பு சமமாக இருந்தால்தான் அது செல்லும். மாணவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். பெரிய கணித மேதைகளும் இடறியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில், நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு 2/3 என்று வாதிட்டார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூவுக்குப் பிறகு தலை, அல்லது இரண்டும் பூ. மூன்று விளைவுகள், அவற்றில் இரண்டு சாதகம் என்பது அவர் கணக்கு. ஆனால் முதலிலேயே தலை விழ வாய்ப்பு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4. சரியான விடை 3/4.

சரி, மறுபடி தாயத்துக்கு வருவோம். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம் என்பது பல ஊர்களில் வழக்கம். ஒரே உருட்டலில் இவற்றில் இரண்டு சேர்ந்து வர முடியாது. இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். அதனால் நேராகக் கூட்டிவிடலாம்: 2 + 2 + 1 + 1, ஆக 6/16. ஆனால் 'இரட்டைப்படை எண் அல்லது மறு உருட்டல்' என்று கேட்டால் அப்படிக் கூட்டக்கூடாது. 6-உம் 12-உம் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 8/16 உடன் 6/16 சேர்த்து, இருமுறை எண்ணிய 2/16-ஐக் கழித்தால் 12/16.

உருட்டும்போது ஒரு கட்டை முதலில் நின்று மற்றது இன்னும் உருள்வது உண்டு. நின்றதில் 1 தெரிந்தால் தாயத்துக்கான வாய்ப்பு 1/8 இல்லை, 1/4 ஆகிவிடுகிறது. 2 தெரிந்தால் சுழியம், தாயம் இனி இயலா நிகழ்ச்சி. கிடைத்த தகவலால் கூறுவெளி பதினாறிலிருந்து நான்காகச் சுருங்கிவிட்டது. இதுதான் நிபந்தனை நிகழ்தகவு. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

எட்டு முறை உருட்டினால் ஒரு தாயமாவது விழுந்தே தீருமா? ஒரு தாயம், இரண்டு தாயம், மூன்று தாயம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் நீண்டுகொண்டே போகும். எதிர்ப்பக்கத்திலிருந்து போவது எளிது. தாயம் விழாதது என்ற நிரப்பு நிகழ்ச்சிக்கு ஒரு உருட்டலில் 7/8. ஒரு உருட்டல் அடுத்ததைப் பாதிப்பதில்லை, அவை சார்பிலா நிகழ்ச்சிகள்; அதனால் பெருக்கலாம். 7/8-ஐ எட்டு முறை பெருக்கினால் சுமார் 0.34. அதாவது எட்டு உருட்டலிலும் தாயமே விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் ஒன்பதாவது உருட்டலிலும் அதே 1/8 தான். இத்தனை நேரம் காத்திருந்தது கட்டைக்குத் தெரியாது.

இவ்வளவும் நான்கு பக்கங்களும் சமவாய்ப்பு உள்ளவை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. தேய்ந்த கட்டைக்கு இது பொருந்தாமல் போகலாம். அப்போது உருட்டிப் பார்த்து எழுதுவதுதான் வழி. அப்படிக் கிடைப்பது பட்டறி நிகழ்தகவு. இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த கணிதவியலாளர் ஜான் கெரிச், ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்து வைத்தார். தலை விழுந்தது 5,067 முறை.

உங்கள் வீட்டுக் கட்டையை 160 முறை உருட்டிக் குறித்துப் பாருங்கள். தாயம் 20-ஐ ஒட்டி விழ வேண்டும். 12 முதல் 28 வரை எது வந்தாலும் இயல்புதான். நல்ல கட்டையில் நூற்றுக்குச் சுமார் 95 தடவை அந்த எல்லைக்குள்தான் வரும். ஐந்தோ நாற்பதோ வந்தால், ஓர் அளவுகோலை எடுத்துப் பக்கங்களின் அகலத்தை அளந்து பாருங்கள்.