ஒரு வாளியில் ஒரு டன் தண்ணீர்

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ஒரு பிளாக் என்பது ஒரு கன மீட்டர். கையில் பிடிக்கிற சின்ன வாளி அந்தப் பிளாக் முழுவதையும் அள்ளிக்கொள்ளும். கணக்குப் போட்டால் 1,000 லிட்டர், அதாவது ஒரு டன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இதை ஆடும் பிள்ளைகள் அந்த எடையைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை. கட்டிய கோட்டைக்குள் தண்ணீர் புகுந்த பிறகுதான் கவலை வரும்: இதை எப்படி வெளியேற்றுவது? விடை விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். திரையில் தெரிவது தண்ணீர் அல்ல, கட்டம் கட்டமாக எழுதிவைத்த எண்கள். அந்த எண்கள் பக்கத்துக் கட்டத்துக்கு எந்த விதிப்படி நகர்கின்றன என்று தெரிந்தால்தான் கரை கட்டவே ஆரம்பிக்கலாம்.

மைன்கிராஃப்டின் விதி துணிச்சலானது. அங்கே தண்ணீருக்குக் கணக்கு வழக்கே கிடையாது. ஒரு ஊற்றுப் பிளாக்கை வைத்தால் சமதரையில் அதைச் சுற்றி ஏழு பிளாக் தூரம் ஓடி நின்றுவிடும். ஊற்று மட்டும் ஒரு துளியும் குறையாது. இரண்டுக்கு இரண்டு என்று குழி வெட்டி எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு வாளி ஊற்றினால், அது வற்றாத கிணறு. இரண்டு ஊற்றுகளுக்கு நடுவில் அகப்பட்ட பிளாக்கும் ஊற்றாக மாறிவிடும் என்பதுதான் சூட்சுமம். சேமிப்பவருக்கு இது வரம், வெள்ளத்தை இறைப்பவருக்குச் சாபம். கடலுக்கடியில் வீடு கட்டியவர் வாளியால் அள்ள அள்ள, பக்கத்து ஊற்றுகள் சேர்ந்து பள்ளத்தை மறுபடி நிரப்பிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் மணலைக் கொட்டிச் சுவர் எழுப்பி, நீர்ப்பரப்பைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கிறார்கள். பிறகு பாத்தி பாத்தியாக ஸ்பாஞ்சு வைத்து உறிஞ்சுகிறார்கள். இறைப்பதற்கு முன் வரத்தை அடைப்பது என்ற பழைய விவசாய புத்திதான்.

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் இதற்கு நேர்மாறு. 2006 முதல் வெளிவரும் அந்த விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் ஆழம் 1 முதல் 7 வரை ஓர் எண். ஏழு நிறைந்தால் கட்டம் முட்டிவிட்டது என்று பொருள். நிறைந்த கட்டத்தின் தலைமேல் இன்னும் தண்ணீர் விழுந்தால், நிறைந்த கட்டங்கள் வழியாகவே பாதை தேடிப் போய், காலியிடம் உள்ள கட்டத்தில் வெளிப்படும். குழாய் இல்லாமலே அழுத்தம் வந்துவிடுகிறது. ஆற்றுக்குக் கீழே சுரங்கம் தோண்டி, அடியில் ஒரு கட்டத்தைத் தவறாக உடைத்தவரின் கோட்டையில் படிக்கட்டு வழியாக நீர் மேலேறி, ஏறத்தாழ ஆற்றின் மட்டம் வரை வந்து நிற்கும்.

இதற்கு மாற்றும் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. பாதை தேடும்போது நீர் நான்கு திசையிலும் மேலும் கீழும் பார்க்கும், மூலைவிட்டமாகப் பார்க்காது. ஆகவே கால்வாயில் ஓரிடத்தில் மட்டும் மூலையோடு மூலை தொடுகிற மாதிரி வழி விட்டால், தண்ணீர் அதன் வழியே சாதாரணமாக ஓடும். அழுத்தம் அங்கேயே செத்துவிடும். நிஜ உலகில் இப்படி ஒரு வால்வு கிடைத்தால் குழாய் வேலை செய்பவர்கள் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். நிஜத்தில், அழுத்தம் எல்லாத் திசையிலும் பரவும் என்ற பாஸ்கலின் விதி மூலை முடுக்கு பார்ப்பதில்லை. குறுகிய சந்து ஓட்டத்தைத் தணிக்கும். ஓட்டம் நின்றுவிட்டால் அழுத்தம் இருபுறமும் ஒன்றே.

டெர்ரேரியா என்ற விளையாட்டில் ஒரு கட்டத்தின் நீரளவுக்கு 255 படிகள் உண்டு. பகுத்துத் தரும்போது வரும் மீதியை முழு எண்ணாக்குவதால் தண்ணீர் கொஞ்சம் கூடிவிடும். படிபடியாக வழியவிட்டு அதையே பெருக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

சேமிப்புக் கலையின் உச்சம், என் கணிப்பில், 2019இல் முழுமையாக வெளியான ஆக்சிஜன் நாட் இன்க்ளூடெட் என்ற விளையாட்டு. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கலாம், தண்ணீர் என்றால் இயல்பாக 1,000 கிலோ. அதற்கு மேல் திணித்தால் அழுத்தம் கூடிச் சுவர் வெடிக்கும். நீரை விடும் வாய் தன் கட்டத்தில் எவ்வளவு கனம் இருக்கிறது என்று மட்டுமே பார்த்து மூடிக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் வேறொரு திரவத்தைச் சொட்டு வைத்துவிட்டால் ஏமாந்துபோய் ஊற்றிக்கொண்டே இருக்கும். சுவருக்குப் பதில் அழுத்தத்துக்கு உடையாத காற்றடைப்புக் கதவுகளை வைத்தால், நாலு கட்டத்துக்குள் ஒரு ஏரியே அடங்கும்.

அதே விளையாட்டின் முறையான தொட்டி கொள்வது 5,000 கிலோ. டர்பனில் வீட்டுப் பின்புறங்களில் நிற்கும் ஜோஜோ டேங்க் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியிலும் 5,000 லிட்டர் அளவு சகஜம். ஆனால் நிஜத் தொட்டியில் உயரம்தான் அழுத்தம், ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வளிமண்டலம். இரண்டு மீட்டர் தண்ணீர் நின்றாலும் அடிக்குழாயில் நூல் போலத்தான் வரும். அதனால்தான் மேடை கட்டுகிறோம், இல்லாவிட்டால் பம்பு வைக்கிறோம்.

இனி நம்மூர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கரையோரத்தில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 100 சதுர மீட்டர் கூரையில் அது 30,000 லிட்டர், ஆறு ஜோஜோ டேங்க். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 60,000 டேங்க். 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த வெள்ளம் டோங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் சிதைத்தது. ஊரெல்லாம் வெள்ளமாக ஓடியபின், அங்கே பல மாதங்கள் குழாயில் தண்ணீர் இல்லை.

வெள்ளத்தைப் பிடித்து வைப்பதும் கோடைக்குச் சேர்த்து வைப்பதும் ஒரே வேலை போலத் தெரியும். அணைக்கு அவை எதிரெதிர் வேலைகள். சேமிக்க அணை நிறைந்திருக்க வேண்டும், வெள்ளம் தாங்கக் காலியாக இருக்க வேண்டும். டிம்பர்பார்ன் என்ற விளையாட்டில் இந்த இழுபறியை நன்றாகப் பார்க்கலாம். அங்கே அணை கட்டும் விலங்குகளான பீவர்கள் வறட்சி வருமுன் நீர் தேக்கியாக வேண்டும். வெள்ள அபாய வரைபடம் போடும் பொறியாளர்களும் நிலத்தைச் சதுரங்களாக வெட்டி, பக்கத்துச் சதுரங்களின் மட்ட வித்தியாசத்தை வைத்தே ஓட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே இந்த விளையாட்டில் கற்றது பெரும்பாலும் வீண்போகாது.

புதிதாக ஆடுபவர்கள் கரையைத்தான் உயர்த்துவார்கள், கலிங்கை மறந்துவிடுவார்கள். கரையின் உச்சியைவிடத் தாழ்வாக, மறுகால் பாயத் தனி இடம் விடாவிட்டால் தண்ணீர் தனக்குப் பிடித்த இடத்தில் வழியும், அது பெரும்பாலும் பீவர்களின் வீட்டுப் பக்கமாகத்தான் இருக்கும். கலிங்கின் மேல் வழியும் நீரின் உயரம் இருமடங்கானால் வெளியேற்றம் சுமார் 2.8 மடங்காகும். நீளம் இருமடங்கானால் வெளியேற்றமும் இருமடங்கு. உயரத்தை நம்பினால் அத்தனை உயரக் கரையும் வேண்டும், அந்த இடத்தைச் சேமிப்புக்கும் பயன்படுத்த முடியாது. எனவே நீளம்தான் நல்லது.

பள்ளத்தாக்கு குறுகலாக இருந்தால் நீளத்துக்கு எங்கே போவது? டர்பனுக்கு வடக்கே, வெருலம் அருகே ம்ட்லோட்டி ஆற்றில் உள்ள ஹேசல்மியர் அணையை உயர்த்தியபோது விளிம்பை நேர்கோடாக விடாமல் முன்னும் பின்னுமாக மடித்தார்கள். மேலிருந்து பார்க்கப் பியானோ கட்டைகள் மாதிரி இருப்பதால் பியானோ கீ கலிங்கு என்று பெயர். அதே அகலத்துக்குள் விளிம்பு பல மடங்கு நீள்கிறது. நீர்மட்டம் கொஞ்சம் ஏறினாலே நிறைய வெளியேறுவதால், மிச்ச உயரத்தைச் சேமிப்புக்குக் கொடுக்கலாம். வெள்ளம் மிக உயர்ந்தால் இந்த ஆதாயம் குறையும், மடிப்புகளுக்குள் எதிரெதிராக விழும் நீர் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்.

கட்டத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஓட்டம் கணக்கிடும் எந்த விளையாட்டிலும் இதே மடிப்பைப் போட்டுப் பார்க்கலாம். மடிப்பின் மூலைகளை மட்டும் பக்கவாட்டிலும் அடைத்துவிடுங்கள். சில விளையாட்டுகளில் மூலையோடு மூலை தொடும் இடத்தில் தண்ணீர் கசியும்.