ஓடைய மறிச்சுக் கிடக்கா? ஆரிட்டப் போய்ச் சொல்றது

மாரி துவங்கினா எங்கட வயல் வட்டைப் பக்கம் ஓடைத்தண்ணி கலங்கி வரும், அதோட விரால் கெழுத்தி எல்லாம் முட்டை போட வயலுக்க ஏறும். போன மாரியில ஒரு றோட்டு மதகடியில நிண்டு பாத்தன், புதுசாப் போட்ட குழாய் ஓடைத் தரையில இருந்து ஒண்டரை அடி உசரத்தில கிடக்கு, விரல் நீள மீனுகள் துள்ளித் துள்ளி கொங்கிறீட்டுல அடிபட்டு விழுகுது, பக்கத்தில கொக்கு ஏழெட்டு நிக்குது. மனசு கேக்கல்ல. விலாங்கு இன்னும் பாவம், அது கடல்ல போய்த்தான் முட்டை போடும், குஞ்சுகள் முகத்துவாரத்தால வாவிக்க வந்து ஆத்து வழியா மேல ஏறணும். ஈரமான சொரசொரப்புக் கல்லெண்டா ஒட்டி ஏறிடும், காய்ஞ்ச கொங்கிறீட்டு விளிம்பெண்டா ஏலாது.

இலங்கையில இதுக்குச் சட்டம் இருக்கு. 2000ம் ஆண்டு 46ம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி வாய்க்கால், நீரோடைய வேணுமெண்டு மறிக்கிறதும் அடைச்சுப் பிடிக்கிறதும் குற்றம். இது தண்ணிக்காக எழுதின சட்டம்தான், ஆனா தண்ணிக்கு வழி விட்டா மீனுக்கும் வழிதானே. 200 ஏக்கர் வரை பாயிற சின்னக் குளம், அணைக்கட்டு எண்டா கமநல சேவை நிலையம், அதுக்கு மேல எண்டா நீர்ப்பாசனத் திணைக்களம். றோட்டு மதகெண்டா அந்த றோட்டு ஆருடையதோ அவங்க, ஊர் றோட்டுகள் கூடுதலா பிரதேச சபைதான்.

மண்மூட்டை போட்டோ, குறுக்க வலை கட்டியோ ஆராவது மறிச்சிருந்தா முதல்ல வட்டவிதானைக்கு, அதான் வட்டையில வயல் தண்ணியப் பாக்கிறவருக்குச் சொல்லுங்க, பாதிப் பிரச்சினை அங்கயே முடியும். முடியாட்டி கிராம சேவகர் (ஜி.எஸ்.) ஊடா எழுத்தில குடுங்க, போட்டோவும் இடமும் திகதியும் வைங்க. தயவு செஞ்சு நீங்களா மண்வெட்டியோட இறங்க வேணாம், அணைக்கட்ட உடைக்கிறதும் அதே சட்டத்தில குற்றம், கீழ் வயல்காரன்ட வேளாண்மையும் போயிடும். பாவிக்கிற அணைக்கட்டெண்டா கழட்டச் சொல்லிக் கேக்காதீங்க, கீழ்ப்பக்கம் கல்லடுக்கி சரிவாக் கட்டித் தரச் சொல்லுங்க, அதில மீன் ஏறும். விதைப்புக்கு முந்தி நடக்கிற ஆரம்பக் கூட்டத்திலயும் இதச் சொல்லலாம், விவசாயத்தோட சம்பந்தப்பட்ட திணைக்களக்காரர் ஒரே இடத்தில இருப்பாங்க.

மனு குடுத்தும் ஒண்டும் நடக்கல்லயா, 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவலறியும் சட்டத்தில "என்ட மனுவுக்கு என்ன முடிவு" எண்டு கேளுங்க, தகவல் தாறதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள சொல்லியாகணும். எல்லாத்தையும் ஆடி ஆவணிக்குள்ள குடுத்திடுங்க, மாரித் தண்ணி வந்தா மறுகா ஓடைக்க ஆரும் இறங்கி வேலை செய்ய மாட்டாங்க.