மட்டன் வந்ததும் ஒயினுக்கு என்ன ஆனது?

பிப்ரவரியில் நாசிக் பக்கம் போனால் திராட்சை அறுவடையைப் பார்க்கலாம் என்று நண்பர் சொன்னார், போனோம். கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். காலையில் கொடிகளுக்கு நடுவே ஒரு நடை, பதினொன்றரைக்கு ஒயின் ருசி பார்ப்பது, அப்புறம் மதியச் சாப்பாடு, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று திட்டம்.

முதலில் வந்த இரண்டு வெள்ளை ஒயின்களும் சுலபமாக இறங்கின. மூன்றாவது ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். ஒரு வாய் குடித்ததும் கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இதுக்கா இவ்வளவு விலை?" என்றார் நண்பர். ஒன்றரை மணி நேரம் கழித்து மட்டன் குழம்போடு அதே பாட்டிலிலிருந்து அதே ஷிராஸை ஊற்றினார்கள். நண்பர் இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினார்!

நாக்கை இழுத்துப் பிடித்தது டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிற சமாச்சாரம் அது. கம்பம் பன்னீர் திராட்சையின் விதையைத் தவறிக் கடித்தவர்களுக்குத் தெரியும். கறுப்புத் திராட்சையிலேயே பெரும்பாலான ரகங்களின் சாறு நிறமற்றதுதான், நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலைத் தள்ளிவிட்டுத்தான் புளிக்க வைப்பார்கள். சிவப்புக்குத் தோலும் விதையும் சேர்ந்தே நாள்கணக்கில் ஊறும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும்போது (லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போனால் 1 சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும்) கிளம்புகிற வாயு தோலையெல்லாம் மேலே தள்ளிவிடும், பாலாடை மாதிரி கனமாக மிதக்கும். அதைத் தினமும் அமுக்கிவிடுவார்கள், அல்லது அடியிலுள்ள சாற்றை எடுத்து மேலே ஊற்றுவார்கள். நிறத்தோடு டானினும் இப்படித்தான் இறங்குகிறது.

டானின் புரதத்தைக் கண்டால் விடாது. அந்தப் பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்ததுதான். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுத் தோலைப் பதப்படுத்தும் பழைய முறையில், அவற்றின் டானின் தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்துகொள்வதால் தோல் அழுகாமல் நிற்கிறது. வாயிலும் இதே கதைதான். எச்சில் வழவழவென்று இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள புரதங்கள். டானின் அவற்றைப் பிடித்துத் திரித்துவிட்டால் வழவழப்பு போய் நாக்கும் கன்னமும் வறட்டு வறட்டென்று உரசுகின்றன. அதனால்தான் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் துவர்ப்பைச் சுவை என்பதைவிடத் தொடு உணர்வு என்கிறார்கள். அவர்களுடைய கணக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், கறிச்சாறு மாதிரியானவற்றில் வரும் சுவை) என்று ஐந்தோடு முடிந்துவிடும். நம் அறுசுவையிலுள்ள துவர்ப்பும் காரமும் அதில் கிடையாது. என்னைக் கேட்டால் வாய்க்குள் உணர்வதைப் பொறுத்தவரை நம் பட்டியல்தான் நேர்மையானது.

இன்னொன்று, துவர்ப்பு வாய்க்கு வாய் ஏறிக்கொண்டே போகும். காலி வயிற்றோடு வரிசையாகச் சிவப்பு ஒயினாகக் குடித்தால் கடைசியில் வருவது பாவம், எவ்வளவு நல்லதானாலும் திட்டுதான் வாங்கும். நடுநடுவே ரொட்டித் துண்டும் தண்ணீரும் வைப்பது இதற்குத்தான். நாங்கள் ரொட்டியைத் தொடவே இல்லை.

சரி, மட்டன் என்ன செய்தது? டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைத்துவிட்டது, எச்சில் தப்பியது. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும் பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தால்தான். பிரான்ஸில் போர்தோ பகுதியில் முட்டையின் வெள்ளைக்கருவைப் பீப்பாய்க்குள் கலக்கும் பழைய வழக்கம் உண்டு. அது கொஞ்சம் டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்வார்கள். கொழுப்பும் தன் பங்குக்கு நாக்கில் வழுக்கலைப் பூசுகிறது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கொழுப்பான இறைச்சியையும் துவர்ப்பான பானத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரைவிடத் துவர்ப்புப் பானம்தான் வாயிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் குறைத்தது. ஆக உதவி இரண்டு பக்கமும் நடக்கிறது. பிரியாணிக்குப் பிறகு பால் விடாத கட்டன் சாயா குடிப்பவர்களுக்கு ஆய்வே தேவையில்லை.

சாப்பாட்டில் நாங்கள் செய்த தப்பு, பச்சைமிளகாயை இடித்துச் செய்யும் மராட்டி தேச்சாவை ஒயினோடு சேர்த்ததுதான். மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசினும் கொதிக்கிற சூடும் நாக்கில் ஒரே உணர்வியைத்தான் தட்டி எழுப்புகின்றன. சுமார் 42 டிகிரியில் விழிக்கிற அந்த உணர்வி ஆல்கஹால் பட்டால் 34 டிகிரி வாக்கிலேயே விழித்துவிடும், நம் உடம்புச் சூடோ 37. ஏற்கெனவே எரிகிற வாயில் இதுவும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? நண்பர் தண்ணீரை மடமடவென்று குடித்தார், பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரைகிற ஜாதி இல்லை. கடைசியில் ஒரு கிண்ணம் தயிர் வரவழைத்தோம். அதிலும் அதே கேசீன்தான், இந்தத் தடவை அது பிடித்துக்கொண்டது கேப்சைசினை.