சமபங்கு என்னும் தவறான சொல்

தலைமை ஆசிரியர் பயிற்சித் தாள்களில் 'சமபங்கும் உள்ளடக்கமும் கொண்ட பள்ளிப் பண்பாடு' என்ற தொடர் ஓயாமல் வருகிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் இதைப் படிப்பவர்கள், பொருள் பிடிபடாமல் மலையாளத் தாளைத் தேடுகிறார்கள். தமிழ் ஆசிரியருக்குத் தமிழ் புரிய மலையாளம் தேவைப்படுவது வருத்தமான விஷயம்.

இதில் 'சமபங்கு' என்பது ஈக்விட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த மொழிபெயர்ப்பு. ஈக்விட்டி என்பதன் வேர் லத்தீன் 'ஈக்குவஸ்': மட்டமான, ஒப்பான என்று பொருள். சமத்துவம் என்னும் ஈக்குவாலிட்டிக்கும் அதே வேர்தான். ஆனால் இங்கிலாந்தில், சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடித்தால் அநியாயம் நேரும் இடங்களில் சான்சரி நீதிமன்றம் தந்த நிவாரணம் ஈக்விட்டி எனப்பட்டது. அங்கேயே இரண்டு சொல்லும் பிரிந்துவிட்டன.

சரி, சமபங்கு என்றால் என்ன? ஆளுக்கு ஒரே அளவு. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி வாங்குவது சமபங்கு. பங்குச்சந்தைக்காரர்கள் ஈக்விட்டி ஷேருக்கு வைத்த பெயரைப் பள்ளிக்கூடத்துக்குள் யாரோ அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளியில் ஈக்விட்டி இதற்கு நேர் எதிர்: யாருக்கு எது குறைகிறதோ அதைக் கொடுப்பது. நடக்க முடியாத பிள்ளையின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் பெற்றோர்-ஆசிரியர் சங்க (பிடிஏ) கூட்டம் வைப்பது, மலையாளச் சுற்றறிக்கையைத் தமிழிலும் ஒட்டுவது. இவற்றில் எங்கே இருக்கிறது சமபங்கு? 1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே புத்தகம் என்று பார்த்திருந்தால் கேரளத்தில் தமிழ்வழி வகுப்பே இருந்திருக்காது.

ஈக்விட்டிக்கு நடுவுநிலைமை என்று சிலர் சொல்கிறார்கள். அதற்குக் குறளுரையில் பரிமேலழகர் தரும் விளக்கம் பகை, நொதுமல் (அயல்), நட்பு மூன்றிடத்தும் ஒப்ப நிற்பது. தேவை பார்த்துக் கொடுப்பது அதில் வரவில்லை. ஒப்புரவு அழகான சொல். ஆனால் கிறிஸ்தவர்களிடையே அது மன்னிப்புப் பெற்றுச் சேர்வதைக் குறிக்கிறது, குழப்பம் வரும். என் தேர்வு நியாயம். வடசொல் என்று தள்ளுபவர்கள் தள்ளட்டும். தோட்டத் தொழிலாளி முதல் வாத்தியார் வரை விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளும் சொல் அது.

அப்புறம், எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்ற பொருளில் வரும் இன்க்ளூஷனுக்கு வைத்த 'உள்ளடக்கம்'. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது உள்ளடக்கம். 'உள்ளடக்கிய கல்வி' என்றாலும் 'அடக்கு' உறுத்துகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது, குறைபாடு உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் சேர்ந்து படிப்பதும், கற்பிக்கும் முறை அவர்கள் தேவைக்குத் தக்கபடி மாறுவதும். பள்ளிதான் மாற வேண்டும், பிள்ளை அடங்க வேண்டியதில்லை. மலையாளத்தில் 'உள்சேர்ந்த' என்கிறார்கள். உள், சேர் இரண்டும் நம்மிடமும் உள்ள வேர்கள். நாம் ஏன் அடக்கினோம்?

அதே தாள்களில் வரும் 'தலைமைத்துவ'த்துக்கும் ஒரு வார்த்தை: தலைமை என்பதே பண்பைக் குறிக்கும் சொல், அதன்மேல் துவம் எதற்கு?

மூன்றையும் சேர்த்து அந்த வரியை இப்படி எழுதலாம்: 'எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு நியாயமாக நடத்தும் பள்ளியை உருவாக்கும் தலைமை.' அச்சுக்குப் போகும் முன் தேவிகுளத்திலோ சித்தூரிலோ வகுப்பெடுக்கும் ஒரு தமிழ் ஆசிரியரிடம் படிக்கக் கொடுத்தால், மொழிபெயர்ப்பாளருக்கே இது தெரிந்திருக்கும்.